ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை!

மெட்ரோ ரயிலில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்களா? லேப்டாப் இல்லை சார்... கறுப்பு டப்பா. பத்துக் கிலோ. பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, கொடிக்கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியது. நான் போனேன். 2025 நவம்பரில், ஒரு சனிக்கிழமை காலை.

குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, கிண்டியில் இறங்கி, மெட்ரோவுக்கு மாறினேன். ஸ்கேனருக்குள் மூட்டை போனதும், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சார் இது?"

"சி.பி.யு. சார்."

"எங்கே எடுத்துட்டுப் போறீங்க?"

"ரிச்சி ஸ்ட்ரீட்."

அவர் முகம் சட்டென்று கனிந்தது. ஸ்ட்ரெச்சரில் போகிறவனைப் பார்க்கிற பார்வை. "போங்க சார்... நல்லபடியா முடியும்" என்றார்.

கம்பார்ட்மென்ட்டில் எதிர் சீட் பெரியவர் விடவில்லை. "டி.வி. ரிப்பேரா தம்பி?" என்றார். கம்ப்யூட்டர் என்றேன். "ஆபீஸ் வேலைக்கா?" என்றார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். முப்பத்தாறு வயசு ஆசாமி, தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்துகொண்டு, 'இல்லீங்க, கேம் விளையாட' என்று எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்வதற்கென்ன... விஷயமே கேம்தான்.

நான் பி.காம். முடித்தது 2009-ல். 'டெபிட் வாட் கம்ஸ் இன், கிரெடிட் வாட் கோஸ் அவுட்.' மூன்று வருஷத்தில் மனசில் நின்றது அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் காலேஜுக்குப் பின் சந்தில் இருந்த பிரௌசிங் சென்டரில் போனது. மணிக்குப் பதினைந்து ரூபாய். நாலு கம்ப்யூட்டர், நாலு பேர், கவுன்ட்டர் ஸ்ட்ரைக். "டேய், பின்னாடி! பின்னாடிடா!" என்று நாங்கள் போடுகிற கூச்சலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சுவரைத் தட்டுவார்.

அந்த நாலு பேரில் ஒருத்தன் இப்போது கோயமுத்தூரில் ஆடிட்டர் ஆபீஸ். ஒருத்தன் மதுரையில் பேங்க். ஒருத்தன் ஷார்ஜா. நான் இங்கே பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டு, செக் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு. ஆனால் சனிக்கிழமை ராத்திரி பத்து மணி என்றால் நாலு பேரும் ஆஜர். ஷார்ஜாக்காரனுக்கு அப்போது எட்டரை.

2025 ஜூனில் அவன் அப்பா தவறிப்போனார். வந்தான், காரியம் முடிந்த மறுநாளே திரும்பிப் போனான். லீவு அவ்வளவுதான். போன் பண்ணினால், "எப்படிடா இருக்கே?", "இருக்கேன்டா." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வண்டி ஓடாது. ஆனால் கேமில் அவன் ஆள் செத்துப்போய், அடுத்த ரவுண்டு ஆரம்பிக்கிறவரை ஒரு நிமிஷமோ அரை நிமிஷமோ சும்மா காத்திருக்க வேண்டும் இல்லையா... அப்போது பேசுவான். "அப்பா சைக்கிள் இன்னும் வாசல்லதான்டா நிக்குது" என்பான். ரவுண்டு ஆரம்பித்துவிடும். பேச்சு நின்றுவிடும். அடுத்த தடவை செத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.

2023 செப்டம்பரில் பழைய கேமை எடுத்துவிட்டு 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2' வந்ததிலிருந்தே என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திக்கும், திணறும், சில சமயம் அப்படியே கல்லாகிவிடும். ஓர் அக்டோபர் சனிக்கிழமை, "அம்மா நேத்து போன்ல என்ன கேட்டா தெரியுமாடா..." என்று அவன் ஆரம்பித்தான். என் திரை உறைந்தது. பிறகு தானாகவே அணைந்தது. நான் மறுபடி 'ஆன்' செய்து உள்ளே வருவதற்குள் ஆட்டமே முடிந்து எல்லோரும் கலைந்திருந்தார்கள். "என்னடா சொல்ல வந்தே?" என்று மெசேஜ் போட்டேன். "ஒண்ணுமில்லைடா, விடு" என்று பதில் வந்தது.

அன்றைக்கு முடிவு பண்ணினேன், அப்கிரேடு!

பட்ஜெட் 25,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அதிலும், 'வாஷிங்மெஷின்ல துணி போட்டா கூட்ஸ் வண்டி போற சத்தம் வருது' என்று வீட்டில் ஒரு மனு ரொம்ப நாளாக நிலுவையில் இருந்தது. மனுதாரர் கிளம்பும்போது ஒன்றும் சொல்லவில்லை. ஜமுக்காளத்தை மட்டும் அழுத்திக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கயிற்றின் இறுக்கத்திலேயே எல்லாம் புரிந்தது.

* * *

அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால், ஒரு பக்கம் ஓமந்தூரார் அரசு மருத்துவமனை. மவுன்ட் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். மனுஷனுக்கு அந்தப் பக்கம் வைத்தியம், மெஷினுக்கு இந்தப் பக்கம்.

தெரு என்கிறோமே தவிர, நரசிங்கபுரம் தெருவும் சுற்றியுள்ள சந்துபொந்துகளும் சேர்த்துத்தான் ஜனங்களுக்கு 'ரிச்சி ஸ்ட்ரீட்'. பின்னால் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் கும்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். அன்றைக்கு நூலைப் பின்னினார்கள். இன்றைக்குக் கேபிளைப் பின்னுகிறார்கள். தலைக்கு மேலே ஒயர் பந்தல். அதற்குக் கீழே மூன்றடிக் கடையும் உண்டு, மூன்று மாடிக் கடையும் உண்டு. ரிமோட், சி.சி.டி.வி., சாலிடரிங் ஒயர், லேப்டாப் பேட்டரி, இன்ன டி.வி.க்கு என்றே தெரியாத போர்டு... 'இது இல்லை' என்று அந்தத் தெருவில் சொல்லவே மாட்டார்கள். 'அஞ்சு நிமிஷம் உட்காருங்க சார், வந்துடும்' என்பார்கள். பையன் எதிர்க் கடைக்கு ஓடி வாங்கிக்கொண்டு வருவான்.

மூட்டையோடு என்னைப் பார்த்ததும் நாலு பக்கமும் குரல். "சார், லேப்டாப்பா?" "சி.சி.டி.வி.யா?" "மொபைல் டிஸ்ப்ளேயா சார்?" "என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க சார்!" கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல, என்னைக் கேட்காமலேயே ஒரு கடைக்குள் தெளித்துவிட்டார்கள்.

உள்ளே ஏ.ஸி. கண்ணாடிப் பெட்டிகளில் கம்ப்யூட்டர்கள் பச்சை, சிவப்பு, ஊதா என்று மினுக்கிக்கொண்டிருந்தன. டை கட்டிய பையன் அன்பாகக் கேட்டான்.

"பட்ஜெட் எவ்ளோ சார்?"

நான் செய்த முதல் தப்பு அது. "இருபத்தஞ்சு" என்றேன்.

கால்குலேட்டர் தட்டினான். கண்ணாடி கேபினட், கலர் கலராக எரிகிற ஃபேன் ஆறு, கலர் கலராக எரிகிற ராம், அவற்றை எரிய வைக்க ஒரு கன்ட்ரோலர். மொத்தம் 24,950.

"இதையெல்லாம் போட்டா கேம் வேகமாப் போகுமா தம்பி?"

"லுக்கே வேற லெவல் சார்!"

கேட்டதற்குப் பதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தத் தெருவில், பட்ஜெட்டை முதலில் சொன்னால் பில் எப்போதும் அதற்கு ஐம்பது ரூபாய் கம்மியாகத்தான் வரும். அந்த ஐம்பது ரூபாய் நமக்கு டீ குடிக்க.

அடுத்த கடைக்காரர் வேறு ரகம். குரலைத் தாழ்த்தி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார். செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு. ஆர்.எக்ஸ். 580, எட்டு ஜி.பி. விலை, பிளாட்பாரத்துச் சட்டை விலை.

"மைனிங்ல ஓடினதா அண்ணே?"

"சேச்சே! ஒரு டாக்டர் வீட்டுப் பையன் வெச்சிருந்தான் சார். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போடுவான்."

பழைய கார் விற்கிறவர்கள் காலம் காலமாகச் சொல்லும் அதே டாக்டர், அதே ஞாயிற்றுக்கிழமை! கதை என்னவென்றால், எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை 'வெட்டி எடுக்க' இந்த மாதிரி கார்டுகளை உலகம் முழுக்க ராப்பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டது என்று அர்த்தமில்லை. ஃபேன் தேய்ந்திருக்கும், உள்ளே பேஸ்ட் காய்ந்திருக்கும், சிலது நன்றாகவே ஓடும். வாங்குவதானால் கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். பொடி எழுத்தில் '2048எஸ்பி'. சுருக்கென்றது. நிஜ 580-க்குள் 2,304 கோர்கள். இந்த 2048 ரகம் கிட்டத்தட்ட அதற்குத் தம்பியான 570. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 'ஜிபியு-இஸட்' என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் உண்டு. பென் டிரைவில் அதைக் கொண்டுபோய் ஓட்டினால் கார்டின் ஜாதகமே வந்துவிடும். முழுப் போலியாக இருந்தால் 'ஃபேக்' என்றே சொல்லும்.

"யோசிச்சிட்டு வர்றேன் அண்ணே" என்றேன். 'யோசிச்சிட்டு வர்றேன்' என்றால் 'வரமாட்டேன்' என்று அர்த்தம். அவருக்கும் தெரியும்.

* * *

சந்து முனை டீக்கடையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பையன், காதில் பென்சிலுக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர்.

"என்னாண்ணே பிராப்ளம்?"

சொன்னேன். டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, "மாடிக்கு வாங்க, அக்காகிட்ட காட்டலாம்" என்று என் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். மூட்டை போனால் மனுஷன் போய்த்தானே ஆக வேண்டும்!

ஒற்றை ஆள் ஏறக்கூடிய படி. மேலே பத்துக்குப் பத்து ரூம். சுவர் முழுக்க உயிர் போன மதர்போர்டுகள், நடுவில் மேஜை, மேஜைக்குப் பின்னால் ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க அம்மாள். தலையில் மல்லிகைப்பூ, கையில் சாலிடரிங் அயர்ன். மூலையில் ஒரு பழங்காலத்து மரப்பெட்டி ரேடியோ. ரேடியோவாச்சே என்று எட்டிப் பார்த்தால், உள்ளே ஸ்க்ரூக்கள்.

"எங்கப்பாவோடது" என்றார். "அப்ப இந்தத் தெருவே ரேடியோ தெரு. பாட்டு வரலைன்னு வருவாங்க. அப்பா எடுத்தவுடனே வால்வை மாத்த மாட்டாரு. எங்க நிக்குதுன்னு முதல்ல பார்ப்பாரு. உக்காருங்க தம்பி. எந்த கேம்?"

கவனித்தீர்களா? முதல் கேள்வி 'பட்ஜெட் எவ்ளோ' இல்லை. 'எந்த கேம்?'

சொன்னேன். அடுத்து, "மானிட்டர் என்ன?" 75 ஹெர்ட்ஸ் என்றேன். "அப்ப விநாடிக்கு எழுபத்தஞ்சு படம் விடாம வந்தாப் போதும். அதுக்கு மேல வந்தாலும் உங்க மானிட்டர் காட்டாது. என்ன தொந்தரவு?" திக்கல், உறைதல், தானாக அணைதல் எல்லாம் சொன்னேன். ஷார்ஜாக்காரன் கதையைச் சொல்லவில்லை. "நடுவுல ஒருத்தன் பேசிக்கிட்டிருக்கும்போது நின்னுடுதுக்கா" என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

என் மெஷின் 2018-ல் வாங்கியது. ரைசன் 5 1600 பிராசஸர், பி450 மதர்போர்டு, எட்டு ஜி.பி. ராம் ஒரே குச்சி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. நான் மனசுக்குள் பூரா காசையும் கார்டுக்கே ஒதுக்கி வைத்திருந்தேன். கேம் என்றால் கார்டுதானே?

பையனை உட்கார வைத்து, கம்ப்யூட்டர் ஆட்களோடு கேமை ஓட விட்டார். அவன் என் மெஷினிலேயே எல்லோரையும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. அக்கா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தில் ஓடும் எண்களைப் பார்த்தார். பிறகு படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்தார். எண் ஏறவில்லை.

"பாருங்க. கார்டு அறுபது பர்சென்ட்தான் வேலை செய்யுது. படத்தைச் சின்னதாக்கி வேலையைக் குறைச்சாலும் வேகம் ஏறலை. ஓட்டல்ல மாஸ்டர் கல்லைக் காய வெச்சிட்டு நிக்கிறாரு, மாவு வரலை. நீங்க மாஸ்டரை மாத்தணும்னு வந்திருக்கீங்க!"

இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம், காசு செலவில்லை. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் 'ஜிபியு' எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தொண்ணூற்றைந்துக்கு மேலேயே நின்றால் கார்டு மூச்சு வாங்குகிறது. அறுபது, எழுபதில் நின்று, ரெசல்யூஷனைக் குறைத்தும் வேகம் ஏறாவிட்டால் குறை பிராசஸரிலோ ராமிலோ. இதைப் பார்க்காமல் கடைக்குப் போவது, எக்ஸ்ரே எடுக்காமல் காலுக்கு மாவுக்கட்டு போடுவது மாதிரி. கட்டு நன்றாகத்தான் இருக்கும், ஒடிந்தது கையாக இருக்கும்.

"எல்லாருக்கும் இதே மருந்து இல்லை" என்றார் அக்கா. "சைபர்பங்க் மாதிரி பெரிய கதை கேம் ஆடுறவர்னா அங்க கார்டுதான் ராஜா. காசு முக்கால்வாசி அதுக்கே போகணும், எட்டு ஜி.பி.க்குக் குறையக் கூடாது. உங்க கார்டுல நாலுதான் இருக்கு. ஆனா நீங்க ஆடுற கேமுக்கு இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

பிறகு பெட்டியைத் திறந்தார். பவர் சப்ளையைக் கழற்றி, கத்தரிக்காய் எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "காத்து மாதிரி இருக்கு" என்று லேபிளைக் காட்டினார். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். கீழே கட்டத்துக்குள், 12 வோல்ட் லைனில் 16 ஆம்பியர்.

"பன்னெண்டையும் பதினாறையும் பெருக்குங்க."

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு."

"பிராசஸர், கார்டு ரெண்டும் குடிக்கிறது அந்த லைன்லதான். நானூத்தம்பது எங்கே, நூத்தித் தொண்ணூத்திரெண்டு எங்கே? இழுக்கிறப்ப தாங்காம அணைஞ்சிருக்கு."

பி.காம். படித்தவனுக்கு இது உடனே புரிந்தது. மொத்த விற்பனையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நிகர லாபத்தை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கிற பாலன்ஸ் ஷீட்! ஏழு வருஷமாக அதன் தயவில்தான் என் மெஷின் உயிரோடு இருந்திருக்கிறது.

* * *

கடைசியாகத்தான் கேட்டார், "எவ்ளோ வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்றே வரி எழுதினார்.

ஒன்று, பிராசஸர். ரைசன் 5 5600. என்னுடையது 2017-ல் வந்த ரகம், இது 2022. நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன்: "அதுவும் ஆறு கோர், இதுவும் ஆறு கோர். ரெண்டும் 65 வாட்ஸ். அப்புறம் எதுக்குக்கா மாத்தணும்?"

"ஆறு பேர் வேலை செய்றாங்க, சரி. எந்த ஆறு பேர்?" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

இதில் ஒரு செளகரியம், இரண்டும் ஏஎம்4 என்ற ஒரே ரக சாக்கெட். மதர்போர்டை மாற்ற வேண்டாம். லேட்டஸ்ட் ஏஎம்5 என்று போனால் போர்டு, ராம், பிராசஸர் மூன்றையும் மாற்ற வேண்டும். சட்டை எடுக்கப் போய் பேன்ட், ஷூ, பெல்ட் வரை போகிற கதை. இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. என் பழைய பிராசஸர் விண்டோஸ் 11-ன் அங்கீகாரப் பட்டியலிலேயே கிடையாது. புதுசு இருக்கிறது.

இரண்டு, ராம். ஒரு குச்சியில் எட்டு ஜி.பி. இருப்பது ஒற்றை மாட்டு வண்டி. அதேபோல இன்னொன்று போட்டால் ஜோடி. அளவு மட்டும் இல்லை, பாதையும் இரட்டிப்பு. ஆனால் 2025 கடைசியில் ராம் விலை தங்கம் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கேயோ ஒரு ஏ.ஐ. கவிதை எழுத, குரோம்பேட்டையில் என் பர்ஸ் அழுகிறது! "புதுசுல வேகமானது வாங்கினாலும் பழசோட வேகத்துக்குத்தான் ஜோடி ஓடும். எதுக்கு?" என்று ஒரு டப்பாவைத் துழாவி, என் குச்சிக்கு அச்சு அசல் ஜோடியாக, டெஸ்ட் செய்து வைத்திருந்த பழைய குச்சி ஒன்றை எடுத்தார்.

மூன்று, பெயருள்ள கம்பெனியின் 550 வாட்ஸ் பவர் சப்ளை. வெளியே தெரியாது, கலரில் எரியாது, நண்பர்களிடம் காட்ட முடியாது. 'இதுக்கா இவ்ளோ காசு?' என்று கை நடுங்கும். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் சோறு போடுகிறது.

பிராசஸரையும் பவர் சப்ளையையும் கீழே கடையில் பில் போட்டு வாங்கிவரச் சொன்னார். "பில் இல்லாம வாங்கினா ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் மிச்சம் சார்" என்று படியிலேயே ஒருவர் காதைக் கடித்தார். மிச்சம்தான். வாரன்ட்டியும் அவரிடமே மிச்சமாக நின்றுவிடும். பில்லோடு வந்தேன்.

அப்புறம் ஆபரேஷன். புது பிராசஸரைப் போடுவதற்கு முன்னால், பழைய பிராசஸர் இருக்கும்போதே, மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டுக்குப் புது ஆளை அடையாளம் தெரியாது. பென் டிரைவைச் செருகி ஓட விட்டார். "முடியுறவரை தொடாதீங்க. நடுவுல கரண்ட் போனா போர்டு அம்பேல்."

அவர் வாயைத் திறந்த முகூர்த்தம்... திரையில் 62 சதவீதம். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. ட்யூப்லைட் அணைந்தது. தெருவே ஒரு விநாடி அமைதியாகி, பிறகு ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கின. நான் சாமியைக் கூப்பிட்டேன். எந்தச் சாமி என்று நினைவில்லை, முதலில் கிடைத்த சாமி.

மேஜைக்கு அடியில் 'கீ... கீ...' என்று ஒரு சத்தம்.

"அதுக்குத்தான் யூ.பி.எஸ்." என்றார் அக்கா, பூவைச் சரி செய்துகொண்டே. 63... 64...

முடிந்ததும் மெஷினைப் பத்து நிமிஷம் ஓட விட்டுச் சூடாக்கினார். எதற்கு என்றேன். பிராசஸருக்கும் மேலே இருக்கிற கூலருக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் வருஷக்கணக்கில் இறுகிக் கிடக்குமாம். அப்படியே பிடுங்கினால் பிராசஸரும் கூடவே வந்துவிடும். அடியில் 1,331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் தலைவலி. அணைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் கூலரை லேசாக இடது, வலது திருகினார். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி வந்தது. ராம் குச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போடாமல், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட்டார். பயாஸில் போய் எக்ஸ்எம்பி-யை 'ஆன்' செய்தார். அதைச் செய்யாவிட்டால் ராம் தன் முழு வேகத்தில் ஓடாமல் அரைத் தூக்கத்தில் கிடக்குமாம். நான் ஏழு வருஷமாகச் செய்யவில்லை.

பையன் மறுபடி உட்கார்ந்தான். எண் எழுபத்தைந்தைத் தாண்டி, இறங்காமல் நின்றது. திக்கல் இல்லை. இந்த முறை கார்டு தொண்ணூற்றெட்டு சதவீதம். மாவு வந்துவிட்டது.

பழைய பிராசஸரை அவரே எடுத்துக்கொண்டு ஒரு தொகை கழித்தார். கூலி சேர்த்து மொத்தம் 18,600 ரூபாய்.

"மீதிக்கு என்னக்கா வாங்கலாம்?" என்றேன். கையில் காசு இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மனுஷனுக்கு வருகிற வியாதி அது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இந்தக் கார்டு ஒரு நாள் மக்கர் பண்ணும், அப்ப வாங்க. பவர் சப்ளை அதையும் தாங்கும்."

படியிறங்கும்போது கூப்பிட்டார். "தம்பி... இனிமே பேச்சு நடுவுல நிக்காது."

* * *

வீட்டுக்கு வந்து 6,400 ரூபாயை மேஜைமேல் வைத்தேன். மனுதாரர் பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா?" ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டு மீதிப் பணத்தோடு திரும்பியவன் என்று எங்கள் அபார்ட்மென்ட் சரித்திரத்தில் என் பெயர் இருக்கும்.

ராத்திரி பத்து. நாலு பேரும் ஆஜர். மூன்றாவது ரவுண்டில் ஷார்ஜாக்காரனும் நானும் அடுத்தடுத்துச் செத்தோம். நாற்பது விநாடி இருந்தது.

"டேய், அன்னிக்கு அம்மா போன்ல என்னமோ கேட்டாங்கன்னு ஆரம்பிச்சியே... என்னடா கேட்டாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பயந்துபோய்த் திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்பா சைக்கிளைப் போட்டுடட்டுமான்னு கேட்டாடா. பழைய இரும்புக்காரர் வந்து நின்னாராம்."

"நீ என்ன சொன்னே?"

"டயரையும் செயினையும் மாத்தி வை, வந்து ஓட்டறேன்னேன்."

அடுத்த ரவுண்டு ஆரம்பித்துவிட்டது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. சைக்கிளில் அப்பா அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது, செயின் கழன்று இரண்டு பேரும் விழுந்தது, அதை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தது... கோயமுத்தூரும் மதுரையும்கூடச் சுடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதிராளி வந்து எங்கள் நாலு பேரையும் வரிசையாகச் சுட்டுவிட்டுப் போனான்.

ஆட்டம் படுதோல்வி. இத்தனை நாள் 'மெஷின் சரியில்லைடா' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். 18,600 ரூபாய் செலவு பண்ணி, இருந்த ஒரே சாக்கையும் தொலைத்துவிட்டேன் சார்!